குளமும் குலமும்

"காலனி" என்றொரு சொல் நம் நாட்டிலே நடமாடுகிறது. சொல் ஒன்றுதான், அதற்கு முகமோ இரண்டு. சென்னையிலே, கோவையிலே, சேலத்திலே, "எங்கள் காலனியில் பூங்கா இருக்கிறது, பூப்பந்து ஆடுகளம் இருக்கிறது" என்று ஒருவர் கூறும்போது அவர் முகத்திலே பெருமிதம் பூக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரிலே, "அவன் காலனிக்காரன்" என்று மற்றொருவர் கூறும்போது அதே சொல் சாட்டையாகிச் சுழல்கிறது. நகரத்திலே மதிப்பு, நாட்டுப்புறத்திலே இழிவு! இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்திலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சொல் நீங்கட்டும், மகிழ்வோம். ஆனால், அந்தச் சொல்லைச் சுமந்து நின்ற சுவர்? அது எப்போது நீங்கும்?

அந்தச் சுவரைப் பற்றித்தான் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். கல்லாலான சுவரைவிடக் கருத்தாலான சுவர் கடினமானது. அது எங்கே எழும்புகிறது என்று தேடினால், பெரும்பாலும் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே அன்று. பொது இடத்தின் வாயிலிலேதான் எழும்புகிறது. தன் வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்று ஒருவர் தீர்மானிப்பதை உலகம் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் பலர் கூடும் குளம், பூங்கா, மன்றம், ஆடுகளம் ஆகியவற்றின் வாயிலிலே நின்று, "நீ வரலாகாது" என்று கை நீட்டும்போதுதான் மனிதன் மனிதனுக்குப் பகைவனாகிறான்.

இன்று தருமபுரி நகரைச் சுற்றிலும், சேலம் சாலையிலும் கிருட்டினகிரிச் சாலையிலும், விளைநிலங்கள் மனைகளாகின்றன. வரைபடத்திலே சதுரம் சதுரமாகக் கோடுகள். அவற்றினிடையே பச்சை வண்ணம் தீட்டிய ஓர் இடம். "பூங்கா" என்று அதன்மீது எழுதப்பட்டிருக்கும். பெருநகரத்து விளம்பரங்களைப் பார்த்தாலோ நீச்சற்குளம், உடற்பயிற்சிக் கூடம், சமுதாயக் கூடம் என்று பட்டியல் நீளும். வரைபடத்திலே அந்தப் பச்சை யாவருக்கும் இனிக்கிறது. மனை வாங்கி, வீடு கட்டி, குடியேறிய பிறகோ முணுமுணுப்பு துவங்குகிறது. "எங்கள் சன்னலுக்கு எதிரேயா குளம்?" "மாலையிலே கூச்சல்!" "வெளியார் வருவர்!" "வீட்டின் விலை குறையும்!" இப்படி ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு காரணம் கூறும்.

அந்தக் காரணங்கள் யாவும் பொய் என்று நாம் கூறமாட்டோம். பகுத்தறிவு என்பது, எதிர்ப்பவன் எவனாயினும் அவனை ஏசிவிட்டு நகர்வதன்று. கூறப்படும் காரணத்தை எடை போட்டுப் பார்ப்பதுதான் பகுத்தறிவு. எடை போடுவோம். எடைக்கல்லாக வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் ஒரு பூங்கா

அமெரிக்க நாட்டிலே வர்ஜீனியா மாநிலம். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரம். வீடுகள் வரிசையாக எழுந்த குடியிருப்புப் பகுதி ஒன்றிலே, குடியிருப்போர் கூடிக் களிக்கப் பூங்காவும் விளையாட்டிடமும் அமைத்து நடத்த ஒரு சங்கம் உருவாயிற்று. 'லிட்டில் ஹண்டிங் பார்க்' என்பது அதன் பெயர். பங்கு ஒன்று வாங்கினால் குடும்பம் முழுவதும் பூங்காவைப் பயன்படுத்தலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர், தம் பங்கையும் வாடகைதாரருக்கு மாற்றித் தரலாம்; நிர்வாகக் குழுவின் ஒப்புதல் மட்டும் வேண்டும்.

சல்லிவன் என்பவர் அப்பகுதியிலே வீடு உடையவர், வெள்ளையர். அதே பகுதியில் வேறொரு வீடு வாங்கிக் குடிபோன அவர், பழைய வீட்டை ஃப்ரீமன் என்பவருக்கு வாடகைக்கு விட்டார். பங்கையும் மாற்றித் தந்தார். ஃப்ரீமன் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையிலே பணியாற்றுபவர். படிப்பிலே குறையில்லை, பதவியிலே குறையில்லை, பண்பிலே குறை கண்டாரில்லை. ஆயினும் நிர்வாகக் குழு ஒப்புதல் தர மறுத்தது. காரணம் என்ன? அவர் கறுப்பினத்தவர்!

சல்லிவன் வாளாவிருக்கவில்லை. "ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கேட்ட குற்றத்துக்காக அவரையே சங்கத்திலிருந்து நீக்கினர். பங்குகளுக்குரிய பணத்தை நீட்டி, 'போய் வருக' என்றனர். அநீதி இழைக்கப்பட்டவன் முறையிட்டாலே பொறாதவர்கள், அவனுக்காக மற்றொருவன் பேசினால் பொறுப்பார்களா? நம் ஊரிலே ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரால் ஒதுக்கி வைப்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதியதாகத் தோன்றாது.

இருவரும் வழக்குத் தொடுத்தனர். வர்ஜீனியா நீதிமன்றம் கைவிட்டது. மேல்முறையீட்டுக்குச் சென்றபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் உரிய முறையிலே முன்னறிவிப்புத் தரவில்லை என்று நடைமுறைக் காரணம் காட்டிக் கதவை மூடிற்று அம்மாநில உயர்ந்த மன்றம். இறுதியிலே வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1969 டிசம்பர் 15 அன்று, ஐவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, பெரும்பான்மைத் தீர்ப்பு வெளிவந்தது. எழுதியவர் நீதிபதி டக்ளஸ். அடிமைத்தளை அறுந்த சூட்டோடு சூடாக 1866இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், நூறாண்டு உறங்கிய பிறகு எழுந்து பேசிற்று! சொத்தை வாங்கவும் வாடகைக்குப் பெறவும் வெள்ளையருக்குள்ள உரிமை கறுப்பருக்கும் உண்டு என்பது அச்சட்டம். வீட்டோடு சேர்ந்து வரும் பூங்கா உரிமையை நிறத்தின் பெயரால் பறிப்பது, வீட்டின் உரிமையிலேயே ஒரு பகுதியைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

மற்றொன்றும் கூறிற்று நீதிமன்றம். 'நாங்கள் தனியார் மன்றத்தார். எங்கள் விருப்பம் போல் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்போம்' என்பது சங்கத்தின் வாதம். அந்த வட்டாரத்திலே குடியிருக்கும் வெள்ளையர் எவருக்கும் கதவு திறந்தே இருந்தது. இனம் ஒன்றைத் தவிர வேறு எந்தத் தேர்வும் அங்கே இல்லை. வந்தவரையெல்லாம் வரவேற்று, ஒருவரை மட்டும் விலக்குவதற்குத் 'தனிமை' என்று பெயர் சூட்ட முடியுமா? முடியாது என்றது மன்றம்.

விருந்தாளிக்கு வந்த வினை

மேரிலாந்து மாநிலத்திலே 'வீட்டன்-ஹேவன்' என்றொரு நீச்சற்குளச் சங்கம்; 1958இல் தோன்றியது. குளத்தைச் சுற்றி முக்கால் மைல் தொலைவுக்குள் வாழ்வோருக்கு முன்னுரிமை. 1968இல் அந்த எல்லைக்குள் வீடு வாங்கிய கறுப்பின மருத்துவர் ஒருவர் உறுப்பினராக விழைந்தார், மறுக்கப்பட்டார். அதே ஆண்டு கோடையிலே, வெள்ளைத் தம்பதியர் இருவர் கறுப்பினப் பெண்ணொருவரை விருந்தினராகக் குளத்துக்கு அழைத்துச் சென்றனர். அன்று அனுமதித்தனர். ஆனால் உடனே நிர்வாகக் குழு கூடி விதியைத் திருத்திற்று: இனி விருந்தினர் என்போர் உறுப்பினரின் உறவினராகவே இருத்தல் வேண்டும்!

விதியின் நயத்தைப் பாருங்கள். அதிலே நிறம் என்ற சொல் இல்லை. இனம் என்ற சொல் இல்லை. உறவு என்ற இனிய சொல்தான் இருக்கிறது. ஆனால் அந்த இனிய சொல்லின் அடியிலே நஞ்சு இருக்கிறது. கலப்பு மணம் அரிதாயிருந்த காலத்திலே, உறவினர் மட்டுமே வரலாம் என்றால், கறுப்பர் வரலாகாது என்றுதானே பொருள்? 1973 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சங்கத்தின் வாதத்தைத் தள்ளினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அதையும் மறைக்காமல் கூறவேண்டும். மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரிலே ஐந்து பொது நீச்சற்குளங்கள் இருந்தன: நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. பொது இடங்களிலே இனப்பிரிவினை செல்லாது என்று 1962இல் நீதிமன்றம் அறிவித்தது. நகராட்சி என்ன செய்தது? பூங்காக்களைத் திறந்தது, விலங்குக் காட்சிச்சாலையைத் திறந்தது; நீச்சற்குளங்களை மட்டும் இழுத்து மூடிற்று! கறுப்பன் இறங்கும் நீரிலே இறங்குவதைவிட, எவருக்குமே நீரில்லாமற் போகட்டும் என்று முடிவு கட்டினர். 1971இல் அந்த மூடுவிழாவை உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே, தடுக்க மறுத்துவிட்டது. சட்டம் சில வேளைகளில் கைவிரிக்கும். அப்போது சமுதாயத்தின் மனச்சான்றுதான் கைகொடுக்க வேண்டும்.

ஏன் இந்த அச்சம்?

பூங்காவைத் திறந்தவர்கள் குளத்தை மட்டும் மூடியது ஏன்? இந்தக் கேள்விதான் நம் கட்டுரையின் திறவுகோல்.

ஜெஃப் வில்ட்ஸி என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்க நீச்சற்குளங்களின் கதையை ஆராய்ந்து 2007இல் நூலொன்று வெளியிட்டார். அவர் காட்டும் உண்மை வியப்பூட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, வடபகுதி நகரங்களின் குளங்களில் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தே நீந்தினர். ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்றுதான் பிரிவினை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தத் துவங்கினர். அப்போதுதான் நிறத்தின் பெயரால் கதவுகள் அடைபட்டன! ஆணும் பெண்ணும் கூடிப் பழகுமிடத்தில் இனங்கள் கலந்தால் என்ன ஆகும்? நட்பு வரும், நட்பிலே காதல் வரும், காதலிலே மணம் வரும், மணத்திலே நிறம் கரையும். அச்சம் நீரைப் பற்றியதன்று. நீரிலே கரையக்கூடிய ஒன்றைப் பற்றியது.

இதைப் படிக்கும்போது, அமெரிக்காவையா படிக்கிறோம், அல்லது நம் அண்டை வீட்டையா படிக்கிறோம் என்ற ஐயம் எழவில்லையா? சாதியின் உயிர்நிலை அகமண முறையிலே இருக்கிறது என்று ஆய்ந்து கூறியவர் அண்ணல் அம்பேத்கர். சாதியை ஒழிக்கக் கலப்பு மணமே மெய்யான மருந்து என்று 1936இல் எழுதியவரும் அவரே. மருந்தைக் கண்டவர் மருத்துவர். அந்த மருந்து எந்த இடத்தில் விளையும் என்பதைக் கண்டுகொண்டவர்களோ எதிரிகள்! அது பொது இடத்தில் விளையும். ஆகவேதான் பொது இடத்துக்குக் காவல் போடுகிறார்கள்.

மகாடு குளத்தைச் சுற்றிய வீடுகள்

அம்பேத்கர் பெயரைச் சொன்னதும் குளம் ஒன்று கண்முன் விரிகிறது. இன்றைய மகாராட்டிரத்திலே, மகாடு நகரத்துச் சவுதார் குளம். நான்கு முதல் ஐந்து ஏக்கர் பரப்பு. சுற்றிலும் நகராட்சிச் சாலை. சாலைக்கு அப்பால் பெரும்பாலும் சாதி இந்துக்களின் இல்லங்கள். பொதுச் செலவில் அமைந்த நீர்நிலைகளை ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று, எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் ஏற்றது. மகாடு நகராட்சியும் 1924இல் ஏற்றது. ஏட்டிலே குளம் திறந்தது, நாட்டிலே திறக்கவில்லை. ஆடு குடிக்கலாம், மாடு குடிக்கலாம். ஆதரவற்ற மனிதன் குடிக்கலாகாது!

1927 மார்ச் 20 அன்று, மாநாட்டுக்குத் திரண்ட மக்களோடு நடந்து சென்று, அம்பேத்கர் அந்தக் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். ஒரு கை நீர்! அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கை நீருக்காகத் தடிகள் பறந்தன, மண்டைகள் உடைந்தன. பிறகு 'தீட்டுப்பட்ட' குளத்தைத் தூய்மை செய்தனராம். எப்படி? 108 குடம் நீரை முகந்தெடுத்து, சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதி மீண்டும் குளத்திலே கொட்டினர். மனிதன் தொட்ட நீர் அழுக்காம். மாட்டு மூத்திரம் கலந்த நீர் தூய்மையாம்! இதற்குமேல் நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. செய்தி தன்னைத்தானே எள்ளிக்கொள்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரிலே உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் வாங்கினர். 'குளம் எங்களுடையது, தொன்றுதொட்டு எங்களுக்கே உரிய வழக்கம்' என்பது வாதம். பத்தாண்டு நடந்தது வழக்கு. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்கே தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்டு. 1922இல் அகமதாபாத்திலே காந்தியாரை விசாரித்துத் தண்டித்தவர். தொன்மையான வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. வழக்கம், வழக்கம் என்று வாய் கிழியப் பேசினார்களே, அந்த வழக்கத்துக்கு வயது என்ன என்று கேட்டபோது விடை இல்லை!

அமெரிக்கப் பூங்காவையும் மகாடு குளத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கடல் பல கடந்த தொலைவு. காலத்தால் நாற்பதாண்டு இடைவெளி. ஆயினும் குரல் ஒன்றுதான். "இது பொதுவன்று; சுற்றி வாழும் எங்களுக்கே உரியது!"

சட்டத்தின் நீளம்

நம் பகுதியிலே நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1924இல், சென்னைச் சட்டமன்றத்திலே ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை யாவருக்கும் திறந்துவிடக் கோரிற்று. அரசு அதனை ஆணையாக வெளியிட்டது. 1938இல் எம்.சி. ராஜா முயற்சியால் குடியியல் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்திலே பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 17ஆம் பிரிவிலே தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ, கடை, உணவு விடுதி, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றிலும், அரசுப் பணத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ பேணப்படும் அல்லது பொதுமக்கள் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது ஒதுங்கிடம் ஆகியவற்றிலும் சாதி மத பேதம் காட்டலாகாது என்று விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அது வலுப்பெற்றுக் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயர் பூண்டது.

சட்டத்தின் கை நீளமானதுதான். ஆனால் அது மதில் சூழ்ந்த குடியிருப்பின் வாயிலுக்கு வரும்போது தயங்குகிறது. அரசுப் பணம் இல்லாத, தனியார் சங்கம் நடத்தும் இடத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைவது என்பது வழக்காடப்படும் பொருளாகவே இருந்து வருகிறது. 2005இல் குசராத்துப் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கிலே, தன் மதத்தார்க்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற சங்க விதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை பெரிது என்பது அங்கே கண்ட வாதம். சிறுபான்மையினர் ஒரு சிலர் கூடி வாழ்வது ஒன்று. பெரும்பான்மை வலிமை படைத்தோர் அதே விதியைக் கேடயமாக்கி ஊரையே பங்கு போட்டுக்கொள்வது மற்றொன்று. முன்னதற்காகத் திறந்த கதவு வழியே பின்னது நுழைந்துவிடுமானால்? அந்த விழிப்பு நமக்கு வேண்டும்.

தகடூர் மண்ணிலே

மதுரை மாவட்டத்து உத்தபுரத்திலே, 1989 கலவரத்துக்குப் பின் ஒரு மதில் எழும்பியது. தலித் மக்களின் தெருக்களை ஊரிலிருந்து பிரித்து நின்ற அம்மதிலின் ஒரு பகுதியை, தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக, 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை திறந்தது. பெரியார் பிறந்த நாட்டிலே, இருபத்தோராம் நூற்றாண்டிலே, பாதைக்காக மதில் இடிக்க வேண்டியிருந்தது! கேட்கும்போதே நாணம் நம்மைத் தின்னவில்லையா?

தருமபுரிக்கு வருவோம். 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய்ப் பகுதியிலே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் மக்களின் குடியிருப்புகள் மூன்று தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தும் இடிந்தும் சூறையாடப்பட்டும் போயின. ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் சாதி கடந்து மணம் புரிந்ததும், அதனையொட்டி நிகழ்ந்த ஒரு தந்தையின் தற்கொலையும் அந்தத் தீக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. இருவர் மனம் ஒன்றியதற்கு மூன்று ஊர்களின் கூரை தண்டனையா?

எரிந்தவை கூலி உழைப்பால் சேர்ந்த வீடுகள். பெங்களூர் சென்று கட்டட வேலை செய்து, செங்கல் செங்கல்லாகச் சேர்த்த செல்வம். சான்றிதழ்கள் எரிந்தன, சேமிப்பு எரிந்தது. சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் அமெரிக்கக் குளத்துக் கதவை அடைத்த அச்சமும், 2012இல் தருமபுரியிலே தீவட்டி ஏந்திய சினமும் ஒரே வேரின் இரு கிளைகள் என்று கூறினால், அது மிகையாகுமா? இளையோர் கூடினால் சாதி கரையும் என்ற அச்சம் அங்கே பூட்டாக வந்தது. இங்கே நெருப்பாக வந்தது.

எதிர்ப்பிலே இரு வகை

இவ்வளவும் கூறிய பிறகு, துவக்கத்தில் ஏந்திய தராசை மறுபடி கையிலெடுப்போம். பொது இடத்தின் அருகே வாழ்பவர் எழுப்பும் எதிர்ப்பெல்லாம் சாதி எதிர்ப்பா? இல்லை.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி அலறுகிறதா? எதிர்க்கலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியிலே பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்திருக்கின்றன. கழிவுநீர் தெருவில் வழிகிறதா? குளத்துக்குக் காவலாள் இல்லாது குழந்தைகளுக்கு ஆபத்தா? கணக்குக் காட்டாமல் பணம் வாங்குகிறார்களா? எதிர்க்கலாம், எதிர்க்கவும் வேண்டும். ஏனெனில் இவை செயலைப் பற்றிய எதிர்ப்புகள். அளவு உண்டு; விதி உண்டு; திருத்தம் உண்டு. செயல் திருந்தினால் எதிர்ப்பு தீரும்.

எதிர்ப்பே அறமாகிய நிகழ்ச்சியும் உண்டு. பெங்களூர் நகரின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்திலே, பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தாரை வார்த்தனர். அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்து வழக்காடினர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பூங்கா நகர மக்கள் அனைவரின் உடைமை. அதைத் தனியொருவர்க்குத் தர எவருக்கும் உரிமையில்லை என்று நிலைநாட்டியது. அங்கே அண்டை வீட்டார் கதவை மூடப் போராடவில்லை. மூட வந்தவரைத் தடுக்கப் போராடினர்.

நம் மாநிலத்து 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் இதையொட்டியே பேசுகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக்குவோர், சாலைப் பரப்பு நீங்கலாக எஞ்சியதிலே 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அந்தப் பூங்கா மனை வாங்கியவர்களின் தனியுடைமையன்று. அடுத்த தெருவில் வாழும் கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் அங்கே ஊஞ்சலாட உரிமை உண்டு. "நாங்கள் விலை கொடுத்தோம்" என்று வாயிலுக்குப் பூட்டுப் போடுவோர், மகாடு குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பேசியதையே மறுபடி பேசுகிறார்கள். மொழி மட்டுமே புதிது.

ஆகவே, ஒரு சோதனை போதும். எதிர்ப்பவரிடம் கேளுங்கள்: "கூச்சல் அடங்கிவிட்டால், நீர் தூயதாகிவிட்டால், கணக்கு நேராகிவிட்டால், அவர்கள் வரலாமா?" 'வரலாம்' என்றால் அது அண்டை வீட்டாரின் நியாயம், உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். 'அப்போதும் வரலாகாது' என்றால், எதிர்ப்பு கூச்சலுக்கன்று, குலத்துக்கு! அங்கே பேச வேண்டியது விதியைப் பற்றியன்று, விடுதலையைப் பற்றி.

நூறு வீடும் ஒரு மன்றமும்

பொது இடத்தை நடுவில் வைத்து ஊரையே எழுப்பிப் பார்த்த முயற்சியும் நம் நாட்டிலே நடந்தது. பெரியார் நினைவு சமத்துவபுரம் அது. முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி 1998இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையிலே முதலாவதைத் திறந்து வைத்தார். நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. சாதிக்கொரு தெரு இல்லை. சமுதாயக் கூடம் ஒன்று, விளையாட்டிடம் ஒன்று, இடுகாடும் ஒன்று. பின்னர் மாநிலமெங்கும் இருநூறுக்கு மேற்பட்டவை எழுந்தன.

அதனாலே சாதி செத்துவிட்டதா? இல்லை, அப்படிக் கூறி நம்மை நாமே ஏய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நூறு வீட்டுக்குள் சமத்துவம் பேசிவிட்டு, எல்லைக்கப்பால் ஊரும் சேரியும் பழையபடி நின்றால், அது கடலிலே ஒரு தீவுதான். வீட்டை அரசு கொடுக்கலாம்; அண்டை வீட்டானை நண்பனாக்கும் வேலையை அரசு செய்ய முடியாது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. ஒரே திடலில் பந்தாடி வளர்ந்த பிள்ளைகள் இருவரிடம், "இவன் தீண்டத்தகாதவன்" என்று நாளை எவரேனும் கூறினால், "நேற்றுவரை தீண்டித்தானே விளையாடினோம்!" என்று கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு நினைவு இருக்கும். அந்த நினைவை உண்டாக்குவதுதான் பொது இடத்தின் பணி.

இளைஞர்களே! உங்கள் குடியிருப்பிலும் நாளை ஒரு கூட்டம் கூடும். பூங்காவா, குளமா, நூலகமா என்று பேச்சு வரும். 'வெளியார்' என்ற சொல் எழும். அப்போது எழுந்து நின்று அமைதியாகக் கேளுங்கள்: வெளியார் என்பவர் யார்? எந்தக் கோட்டுக்கு வெளியே? அந்தக் கோட்டைப் போட்டது எவர்? கேட்பதற்குத் துணிவு வேண்டும். கேட்டதற்காகச் சல்லிவன் நீக்கப்பட்டார், ஆயினும் கேட்டார். பாதிக்கப்பட்டவன் கேட்பது உரிமை. பாதிக்கப்படாதவனும் சேர்ந்து கேட்பதே அறம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழவைக்கும் என்று கூறப்பட்ட அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது, தான் உண்ணாது அவ்வைக்கு ஈந்தான் என்பது நாடறிந்த செய்தி. கனி ஆயுளை நீட்டும் என்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. கிடைத்ததைத் தனக்கென்று பூட்டி வைக்காத அந்த நெஞ்சை நம்பலாம். அரசன் ஒருவன் பாணர் மரபில் வந்தவளென்று பேசப்படும் புலவருக்குக் கனியைக் கொடுத்த மண்ணிலே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊஞ்சலில் இடமில்லை என்று பூட்டுத் தொங்குமானால், தகடூர் என்ற பெயரைச் சொல்லிப் பெருமைப்பட நமக்கு என்ன தகுதி?

பூட்டைத் திறப்போம். குளம் பொதுவாகட்டும், குலம் தானே கரையும்.